வாசல் பதிவேடு சொல்லாத கணக்கு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தங்கை போன் செய்தாள். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் வீட்டில் மட்டுமல்ல, அவள் தெருவிலேயே மருத்துவம் படிக்கப் போன முதல் ஆள். "அண்ணா, லைப்ரரிய எட்டு மணிக்கே பூட்டப் போறாங்களாம். சர்க்குலர் ஒட்டிட்டாங்க" என்றாள். அதுவரை நள்ளிரவு 12 மணி வரை திறந்திருந்த வாசிப்பறை அது. சுற்றறிக்கையில் காரணம் ஒரே வரிதான்: இரவு நேரத்தில் வருவோர் எண்ணிக்கை மிகக் குறைவு.

"மனு எழுதுங்க, கையெழுத்து வாங்குங்க, டீனைப் பாருங்க" என்றேன். நம் கைக்குப் பழகிய வேலை அதுதானே. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வாசலில் இருக்கும் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். நம் கையில் இருப்பது ஆதங்கம். முப்பது நாற்பது பேருக்காக விளக்கு, மின்விசிறி, காவலாளி, ஒரு ஊழியர் என்று எதற்குச் செலவு என்று டீன் கேட்டால், "அது எங்க உரிமை" என்பதைத் தாண்டி அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல என்ன இருக்கிறது?

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் மதிப்பை எதைக் கொண்டு அளக்கிறார்கள், எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். "தோழர், ஊருக்குள்ள எவ்வளவோ நடக்குது, நீங்க லைப்ரரி ரிஜிஸ்டரப் பத்தி எழுதுறீங்களா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். லண்டனில் நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியே வந்தவர் அண்ணல் அம்பேத்கர் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்தக் கதையில் மூடும் நேரம் என்று ஒன்று வருகிறதே, அதை யார் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

இப்போது எதை அளக்கிறார்கள்? இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்த காலத்திலும் சரி, 2020-இல் அதன் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும் சரி, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்கும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். எத்தனை சதுர மீட்டர், எத்தனை இருக்கை, எத்தனை நூல், எத்தனை இதழ். நாக் குழு வந்தால் கணினிமயம் ஆகிவிட்டதா, ஆண்டுக்கு எவ்வளவு செலவு, நாளுக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று சட்டத்தில் இல்லாவிட்டால் பல தனியார் கல்லூரிகளில் நூலகம் என்பது ஒரு பீரோவோடு முடிந்திருக்கும். ஆனால் இவை எல்லாமே நூலகத்துக்குள் என்ன இருக்கிறது, எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கணக்குகள். நுழைந்தவருக்கு உள்ளே என்ன நடந்தது, அவர் வெளியே போய் என்ன செய்தார் என்பதை இந்தப் பட்டியல் கேட்பதே இல்லை.

வாசல் கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு பிரிட்டனில் ஒரு சான்று இருக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழக நூலகர்கள் வேறு ஏழு பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டு, 33,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் நூலகப் பயன்பாட்டையும் பட்டத் தேர்ச்சியையும் ஒப்பிட்டார்கள். இரவல் எடுத்த நூல்களுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. மின்னிதழ்ப் பயன்பாட்டுக்கும் தேர்ச்சிக்கும் தெரிந்தது. வாசலைத் தாண்டிய எண்ணிக்கைக்கும் தேர்ச்சிக்கும் அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. உள்ளே வந்தவர் படிக்கவும் வந்திருக்கலாம், ஏசி காற்றுக்கும் வந்திருக்கலாம். தொடர்பு இருக்கிறது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்று அந்த நூலகர்களே எச்சரித்தார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டு "லைப்ரரி போனா மார்க் வரும்" என்று யாரும் போஸ்டர் அடித்துவிடாதீர்கள்.

மருத்துவ நூலகத்துக்கு வேறு ஒரு கேள்வியும் உண்டு. அங்கே படிப்பவரின் மதிப்பெண் அவரோடு நிற்பதில்லை, அது நோயாளியின் உடம்பில் போய் முடிகிறது. இதை நேராகக் கேட்டுப் பார்த்த ஆய்வு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் நடந்தது, 1992-இல் வெளியானது. செய்தவர் ஜோன் மார்ஷல். அவர் மருத்துவர்களிடம் "உங்கள் நூலகம் நன்றாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்கவில்லை. உங்களிடம் இருக்கும் ஒரு நோயாளி தொடர்பாக நூலகத்தில் ஒரு தகவல் கேளுங்கள், வந்ததைப் படியுங்கள், அதன் பிறகு அந்த நோயாளிக்கு நீங்கள் செய்யவிருந்தது மாறியதா சொல்லுங்கள் என்று கேட்டார். பதில் அனுப்பிய 208 மருத்துவர்களில் 80 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் மாறியது என்றார்கள். பாதிப் பேர் எந்தப் பரிசோதனை செய்வது என்பதை மாற்றினார்கள். 45 விழுக்காட்டினர் மருந்தை மாற்றினார்கள். 29 விழுக்காட்டினருக்கு நோய் என்ன என்ற முடிவே மாறியது. நோயாளியின் மரணத்தைத் தவிர்க்க அந்தத் தகவல் உதவியது என்று சொன்னவர்கள் 19 விழுக்காடு.

பிறகு அவரே ஒரு பெரிய குழுவோடு சேர்ந்து, 118 மருத்துவமனைகளுக்குச் சேவை செய்யும் 56 நூலகங்களில் இதே முறையைப் பின்பற்றினார். 2013-இல் வெளியான அந்த ஆய்வுக்கு மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள் என 16,000-க்கும் மேற்பட்டோர் பதில் தந்தார்கள். நான்கில் மூன்று பேர், நூலகத் தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை வேறு மாதிரி செய்தோம் என்றார்கள்.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் வேண்டாம். ரோச்செஸ்டரில் கேள்வித்தாள் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பதிலே தரவில்லை. நூலகத்தின் மேல் பிரியம் உள்ளவர்கள்தான் பதில் எழுதியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க முடியாது. மாறியது என்பதும் மருத்துவர் தாமே சொன்னதுதான், யாரும் நோயாளிக் குறிப்பைத் திறந்து சரிபார்க்கவில்லை. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது எண்ணைவிடக் கேள்விதான். ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட தேவை, அதனால் என்ன மாறியது. இப்படிக் கேட்டால் "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று யாராலும் தப்பிக்க முடியாது.

தேடல் சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் பால்டிமோரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்றால் மருத்துவ உலகில் கோயில் மாதிரி. அங்கே ஆஸ்துமா பற்றிய ஒரு சோதனைக்காக, நல்ல உடல்நலத்தோடு இருந்த தன்னார்வலர்களை ஹெக்சாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சில் இழுக்க வைத்தார்கள். அதில் எல்லன் ரோச் என்ற 24 வயதுப் பெண்ணின் நுரையீரல் செயலிழந்தது. ஜூன் 2 அன்று இறந்துபோனார். அவர் அந்த நிறுவனத்திலேயே ஆய்வக ஊழியராக இருந்தவர். அந்தப் பொருளின் பாதுகாப்பு பற்றி ஆய்வாளர் தேடியது பப்மெட் தளத்திலும் பாடநூல்களிலும். அந்தத் தளம் அன்று பெரும்பாலும் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் காட்டும். அந்தப் பொருள் நுரையீரலைக் கெடுப்பது பற்றிய கட்டுரைகள் 1950களில் வந்தவை, அச்சில், நூலக அலமாரியில் இருந்தவை. அரசு அங்கு நடந்த ஆய்வுகளைச் சில நாட்கள் நிறுத்தியது. மருத்துவ நூலகர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அதற்குப் பிறகுதான் பலர் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஹாப்கின்ஸ் நூலகத்தின் வாசல் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் இது தெரிந்திருக்குமா?

என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு, கொஞ்சம் வெட்கமான கதை. ஒரு மாணவர் கூட்டத்தில், "தலித் பெண்களின் ஆயுட்காலம் மற்ற பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு" என்று முழங்கினேன். கைதட்டல். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் வந்த எண் அது, நம்மில் பலர் பதிவு போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வந்தார். மருத்துவக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அது ஆயுட்காலம் இல்ல, இறந்தவங்களோட சராசரி வயசு. 39.5, 54.1. ரெண்டும் வேற வேற" என்றார். ஒரு சமூகத்தில் இளையவர்கள் அதிகம் இருந்தாலே இறப்பவர்களின் சராசரி வயது குறைவாகத்தான் வரும். ஆயுட்காலம் கணக்கிடும் முறை வேறு. விவரம் தெரிந்த எதிராளி ஒருவர் அன்று அந்த அரங்கில் இருந்திருந்தால், நான் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபட்டுப் போயிருக்கும்.

அவர்தான் என்னை இன்னொரு ஆய்வுக்குக் கொண்டுபோனார். உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து 2022-இல் வெளியானது. உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. எண் சிறியதாகத் தெரிகிறதா? அதன் அடுத்த முடிவைப் பாருங்கள்: அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பங்கைத்தான் பொருளாதார நிலையால் விளக்க முடிகிறது. "எல்லாம் வறுமைதான், சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவருக்கு 14.6-ஐவிட இந்தப் பதில் பல மடங்கு கனமானது. அரை மணி நேரம் எனக்காகச் செலவழித்த அந்த நூலகரின் வேலையை எந்த ஆய்வுக் குழுவின் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இனி, முப்பது நாற்பது பேர் கதைக்கு வருகிறேன்.

நூலகத்தின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அப்பா டாக்டர், வீட்டில் ஹாரிசன் இரண்டு பதிப்பு, தனி அறை, தனி மேசை, பணம் கட்டிப் பார்க்கும் காணொளி வகுப்பு, சந்தேகம் என்றால் போன் போட ஒரு மாமா. அந்த மாணவருக்கு நூலகம் எட்டு மணிக்குப் பூட்டினால் ஒன்றும் ஆகாது. அவர் வாசல் பதிவேட்டில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் 1. தெருவில் முதல் ஆளாக வந்தவள் கையெழுத்துப் போட்டாலும் 1. சராசரி எடுக்கும் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ராபின்ஸ் நோயியல் நூலும் திரிபாதியின் மருந்தியல் நூலும் அவளுக்கு அந்த அறையில்தான் இருக்கின்றன. விடுதியில் நான்கு பேருக்கு ஒரு அறை, மூன்று பேர் தூங்கினால் விளக்கை அணைக்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான புத்தக வங்கித் திட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 1970களின் இறுதியில் தொடங்கிய திட்டம். பட்டப் படிப்பில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு தொகுப்பு நூல், ஒரு தொகுப்பின் ஆயுள் மூன்று ஆண்டு என்று விதி வைத்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் தேர்வுக்கு முந்தைய இரவு அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கும் என்று விதி எழுதியவர் யோசித்தாரா தெரியவில்லை. ஒதுக்கிய தொகை செலவாகிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. நூல் யார் கைக்கு, எந்த மாதம் போய்ச் சேர்ந்தது, பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய பதிப்பா என்று அந்தச் சான்றிதழில் இடமில்லை. கல்லூரி விழா மலரில் "புத்தக வங்கி உண்டு" என்று ஒரு வரி மட்டும் ஆண்டுதோறும் வந்துவிடும்.

மின்னிதழ்களிலும் இதே ஆபத்து வரப்போகிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். பெயரைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வருகிற வரிசையில் இதுவும் ஒன்று, ஆனாலும் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பயன்படக்கூடியது, அதை மறுக்க மாட்டேன். தனியார் கல்லூரியில் ஒதுக்கீட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இல்லை என்பது வேறு வழக்கு. மூன்று ஆண்டு முடிந்ததும் எந்தக் கல்லூரி எவ்வளவு பதிவிறக்கியது என்று பார்ப்பார்கள். எப்படி உள்ளே நுழைவது என்றே சொல்லிக்கொடுக்கப்படாத மாவட்டக் கல்லூரியில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். "இவர்களுக்குத் தேவையில்லை போல" என்று ஒரு வரி எழுதப்படும். கற்றுத்தராத குற்றம் கற்காதவன் மேல் வந்து விழும். இந்தக் கதை நமக்குப் புதிதில்லை.

ஆகவே அந்தத் தங்கையையும் அவள் தோழிகளையும் மனுவைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னேன். இரண்டு வாரம், தினமும் இரவு எட்டு மணிக்குப் பிறகு வாசிப்பறையில் இருப்பவர்களிடம் ஒரு சிறு தாள். பெயர் வேண்டாம், பதிவெண் வேண்டாம். மூன்றே கேள்விகள். இன்றிரவு எதற்காக வந்தீர்கள்? அது வேறெங்காவது உங்களுக்குக் கிடைக்குமா? இந்த அறை பூட்டியிருந்தால் இன்றிரவு என்ன செய்திருப்பீர்கள்? கடைசியில் விருப்பப்பட்டால் மட்டும் ஒரு குறி: உங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நீங்களா?

சாதியைக் கேட்க வேண்டாம் என்று நானே சொன்னேன். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம், எல்லாவற்றையும் சாதிவாரியாக எண்ணு என்று கேட்பவன் நான். எண்ண வேண்டும், ஆனால் முப்பது பேர் இருக்கும் ஒரு அறையில் சாதியைத் தாளில் எழுதச் சொன்னால் பெயர் எழுதாவிட்டாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். டெல்லி எய்ம்ஸ் பற்றி 2007-இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையை மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். விடுதி அறையிலிருந்து செய்முறைத் தேர்வு வரை பட்டியலினப் பிள்ளைகள் எப்படித் தனிமைப்படுத்தப்பட்டார்கள் என்று அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வளாகத்தில் யார் எந்த நேரம் எந்த நூலை எடுத்தார் என்ற பட்டியல், அவர் சாதியோடு சேர்ந்து நிர்வாகத்தின் கையில் இருப்பது நல்லதல்ல. சாதிவாரிக் கணக்கைப் பல்கலைக்கழக அளவில், ஆள் தெரியாத அளவுக்குப் பெரிய எண்ணிக்கையில், வெளியார் ஒருவர் எடுக்கட்டும். அதைக் கேட்டு நாம் போராடலாம். வாசிப்பறையில் வேண்டாம்.

இரண்டு வாரத் தாள்களை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். "வார்டில் பார்த்த கேஸ் புரியவில்லை, படிக்க வந்தேன்." "துறை நூலகம் நான்கு மணிக்கே மூடிவிடும்." "நாளை செமினார், கட்டுரையைத் திறக்க இங்கே மட்டும்தான் முடிகிறது." பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒருவர் "மாடிப்படியில் உட்காருவேன்" என்று எழுதியிருந்தார். இன்னொரு தாளில், பெண் கையெழுத்து போலத் தெரிந்தது, "படிக்க மாட்டேன்" என்று மட்டும் இருந்தது. முதல் தலைமுறை என்று குறி போட்டவர்கள் பாதிக்கு மேல்.

நூலகரிடம் முதலில் காட்டச் சொன்னேன். நூலகர்களை நிர்வாகத்தின் ஆளாகவே பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, பெரும்பாலும் அது தவறு. பணியிடம் காலியாக, இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் நிதி வெட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த அம்மா தாள்களை மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தாராம். பிறகு அவரே ஒரு பக்கத்துக்குத் தொகுத்து, பதிவேட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, டீனிடம் எடுத்துப்போனார்.

முழுசாக வெல்லவில்லை. இப்போது இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் 12 மணி வரை. அந்தத் தங்கைக்கு இதில் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. போன வாரம் மறுபடியும் பேசினாள். இந்த முறை பயிற்சி மருத்துவர்களிடம் ரோச்செஸ்டர் கேள்வியைக் கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். நூலகர் அம்மாவே படிவம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். "பத்து மணிக்கு மேல வெளிய உக்காந்திருக்கவங்களையும் எண்ணப் போறோம்ணா" என்றாள். மாடிப்படியில் எத்தனை பேர் என்று.